அத்தியாயம் 7: பையைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தை

என் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் மொட்டை, பக்கத்து ஊர் மண்டபத்தில் விருந்து. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். பிள்ளைக்குத் தாய்மாமன் என் வீட்டுக்காரர். அவர் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள்; அவர் கொண்டுவருவதுதான் அன்றைக்கு முதல் சீர். இருபத்தொரு தட்டு. மேளக்காரர்கள் வாசலில் தயாராக நிற்கிறார்கள். தாய்மாமன் பெண்டாட்டி முதல் தட்டை எடுத்தால் ஊர்வலம் கிளம்பிவிடும். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு குனிந்தேன். அந்த நேரம் பார்த்து என் பெரிய மாமியார் ஒரு ரெக்சின் பையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

“இதக் கொஞ்சம் பாத்துக்கம்மா. உள்ள நகை இருக்கு. எங்கயும் நகந்துராத.”

நான் நகரவில்லை. முதல் தட்டை என் ஓரகத்தி எடுத்தாள். மேளம் கிளம்பியது, கூட்டம் உள்ளே போனது, நான் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். ஆறு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. அதில் ஒரே ஒரு படத்தில் நான் இருக்கிறேன். தூணுக்குப் பின்னால் நிற்பதால் முகம் தெரியாது, பை தெரியும்.

கவனியுங்கள். அன்றைக்கு யாரும் என்னை வராதே என்று சொல்லவில்லை. வண்டி அனுப்பினார்கள், புடவை எடுத்துக் கொடுத்தார்கள், சாப்பிட்டாயா என்று மூன்று பேர் கேட்டார்கள். புகுந்த வீடு ஒரு மருமகளையோ மருமகனையோ தள்ளிவைப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. ஒரு வேலையைக் கொடுத்துத் தள்ளுவார்கள், அல்லது ஒரு பெயரை விட்டுவிடுவார்கள். சண்டை போடப் போனால், “பையப் பிடிக்கச் சொன்னது ஒரு குத்தமா?” என்று திருப்பிக் கேட்பார்கள். பதில் இருக்காது. அதனால்தான் இதற்குத் தனியாக ஓர் அத்தியாயம்.

ஒதுக்கலா, வழக்கமா?

கோபப்படுவதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் ஒதுக்கல் மாதிரியே தோன்றும் வழக்கங்கள் நிறைய. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் தீட்டுக் கழியும்வரை கோயில் காரியத்தில் சேர்க்கமாட்டார்கள். மனைவி மாசமாக இருந்தால் அவளை மட்டுமல்ல, புருஷனையும் சில சடங்குகளிலிருந்து விலக்கிவைக்கும் குடும்பங்கள் உண்டு. புதிதாக வந்தவருக்கு இது தெரியாது. தன்னைத்தான் குறிவைக்கிறார்கள் என்று நினைத்து மனம் வெதும்புவார்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. இதே விதி ஓரகத்திக்கும் உண்டா? மற்ற மருமகனுக்கும் உண்டா? உண்டு என்றால் வழக்கம். உங்களுக்கு மட்டும் என்றால் ஒதுக்கல்.

ஒதுக்கல்தான் என்று தெரிந்துவிட்டால், எந்த இடத்தில் விடுபடுகிறது என்று பாருங்கள். விசேஷம் என்பது ஒரே நாள் கூத்து இல்லை. பத்திரிகை எழுதுவது, வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது, சடங்கில் நிற்பது, பந்தியில் உட்காருவது, போட்டோவுக்கு ஏறுவது என்று அதற்குப் படிகள் இருக்கின்றன. கடந்த மூன்று விசேஷங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் எந்தப் படியில் உங்கள் கால் தடுக்கியது? பத்திரிகையிலேயே பெயர் இல்லையென்றால் முடிவு எடுத்தவர் வீட்டுத் தலைவர். மாமனாரோ, அவருடைய அண்ணனோ. பெயர் இருந்தும் சடங்கில் இடமில்லையென்றால் அது பெண்கள் பக்கத்து முடிவு. போட்டோவில் மட்டும் விடுபட்டால் பெரும்பாலும் அசட்டைதான். “ஃபேமிலி மட்டும் மேல வாங்க” என்று கத்துகிற போட்டோக்காரருக்கு நீங்கள் யாரென்று தெரியாது, தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

இப்படி எழுதிப் பார்த்தால் ஒன்று புலப்படும். குடும்பம் முழுக்கச் சேர்ந்து உங்களை ஒதுக்குவது அபூர்வம். ஒருவரோ இருவரோ ஒதுக்குவார்கள், மற்ற முப்பது பேர் வம்பு எதற்கு என்று பேசாமல் இருப்பார்கள். அந்த முப்பது பேரில்தான் உங்களுக்கு ஆள் கிடைக்கும்.

“அந்தப் பொண்ணு”

ஏன் ஒதுக்குகிறார்கள்? சாதி மாறிய கல்யாணம், மதம் மாறிய கல்யாணம், பெற்றோர் பார்த்த பெண்ணைத் தட்டிவிட்டுக் கட்டியது, சீர் குறைந்தது, இரண்டாம் தாரம், பிள்ளை இல்லாதது எனக் காரணங்கள் ஊருக்குத் தெரிந்தவைதான். ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு சங்கதி இருக்கிறது. அதைப் பிடித்தால் பாதி வழி தெரிந்துவிடும்.

நம் சொந்தபந்தம் முழுவதும் முறையால் கட்டப்பட்டது. அப்பாவின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. அம்மாவின் தம்பியும் மாமா, மாமனாரும் மாமா. சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த காலத்து மிச்சம் இது. உள்ளே வருகிறவருக்கு முன்கூட்டியே ஒரு சொல் தயாராக இருக்கும். வெளியிலிருந்து வருகிற பெண்ணுக்கு அந்தச் சொல் இல்லை. “என்ன முறை வேணும்?” என்று ஒரு கிழவி கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் வராது. அதனால் அவள் “அந்தப் பொண்ணு” ஆகிவிடுகிறாள். முறை இல்லாதவருக்குச் சடங்கில் இடமில்லை, ஏனென்றால் நம் சடங்குகளில் ஒவ்வொரு வேலையும் ஒரு முறைக்காரருக்கு என்று ஒதுக்கிவைத்தது.

ஆகவே நான் சொல்வது இதுதான்: முறை என்ற சொல்லைச் சொல்லித்தான் வெளியே நிறுத்துகிறார்கள். அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள். சமத்துவம், மரியாதை என்றெல்லாம் மாமியாரிடம் பேசினால் அது மேடைப் பேச்சாகக் காதில் விழும். “தாய்மாமன் பொண்டாட்டி இருக்கும்போது வேற யாரும்மா தட்டு எடுக்குறது?” என்று கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

முதல் வேலை, வீட்டுப் பிள்ளைகளை அழைக்க வையுங்கள். நாத்தனார் பிள்ளைகளுக்கு நீங்கள் அத்தை. மூத்தார் பிள்ளைகளுக்குச் சித்தி. பெரியவர்கள் வாயில் வராத சொல் பிள்ளைகள் வாயில் ஒரு வாரத்தில் வந்துவிடும். அதற்குப் பெரிய உபாயமெல்லாம் வேண்டாம். கணவர் அந்தப் பிள்ளையிடம், “போய் அத்தைகிட்டத் தண்ணி வாங்கிட்டு வா” என்று சொன்னால் போதும். நாலு வயதுப் பிள்ளை நடுக்கூடத்தில் நின்று “அத்தே!” என்று கத்திக் கூப்பிட்ட பிறகு, அந்தக் கூடத்தில் உங்களுக்கு முறை இல்லை என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

பேச வேண்டியவர் யார், எப்போது

யாருடைய பெற்றோரோ அவர்தான் பேச வேண்டும். கணவன் வீட்டில் மனைவி ஒதுக்கப்பட்டால் கணவன். மனைவி வீட்டில் கணவன் ஒதுக்கப்பட்டால் மனைவி. இதில் விதிவிலக்கே கிடையாது என்பது என் எண்ணம். வந்தவள் பேசினால் வாயாடி. பெற்ற பிள்ளை பேசினால் கோபம் வரும், தணியும்.

ஆனால் முதலில் கணவரைப் பேச வைக்க வேண்டுமே. “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கயேன்” என்பவர்தான் அநேக வீடுகளில் இருக்கிறார். விசேஷம் முடிந்து திரும்பி வரும் பஸ்ஸில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். நான் எடுத்திருக்கிறேன். திருமங்கலத்திலிருந்து மதுரை வரைக்கும் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்ததுதான் மிச்சம். நாலு நாள் போகட்டும். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை, வரப்போவதைப் பற்றி ஒரே ஒரு கேள்வி. “ஏங்க, அடுத்த மாசம் ஒங்க சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசம். பத்திரிகை வைக்க வந்தா நான் வீட்ல இருக்கும்போது வரச் சொல்லுங்க.” இவ்வளவு சின்னதாகக் கேட்டால் மறுக்கத் தோன்றாது. அவருக்கும் செய்து பார்த்த தைரியம் வரும்.

எப்போது பேசுவது என்பதற்கும் கணக்கு உண்டு. மண்டபத்தில் எதுவும் முடிவாவதில்லை. அங்கே நடப்பதெல்லாம் ஒரு மாதத்துக்கு முன்பே திண்ணையிலோ சோபாவிலோ உட்கார்ந்து முடிவு செய்தது. பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முந்தைய வாரம்தான் உங்கள் வாரம். கையெழுத்துப் பிரதியைப் பெரியவர்கள் கூடி வாசித்துப் பார்ப்பார்கள். அப்போது சேர்த்தால் ஒரு வரி. அச்சான பிறகு சேர்க்கச் சொன்னால் ஐந்நூறு பத்திரிகை வீண், பழி உங்கள் மேல்.

மகன் அம்மாவிடம் பேசுவது ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

“அம்மா, பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சா?”

“நாளைக்குத்தாண்டா. அப்பா எழுதி வச்சிருக்காரு.”

“தாய்மாமன்னு போடுற எடத்துல எங்க ரெண்டு பேர் பேரும் வரணும்மா.”

“ஒம் பேரு இருக்குல்ல, அப்புறம் என்ன?”

“தம்பி பேருகூட அவன் பொண்டாட்டி பேரு இருக்கா?”

சத்தமில்லை.

“சொந்தக்காரங்க நாலு பேரு நாலு விதமாக் கேப்பாங்கடா.”

“கேக்கட்டும்மா. அவ பேரு இல்லாத பத்திரிகையில எம் பேரும் வேணாம். சீரு எப்பவும்போல வரும். ரெண்டு பேரும் சேந்து கொண்டாருவோம்.”

இதில் அவர் செய்யாமல் விட்ட இரண்டு காரியங்களைப் பாருங்கள். “அவ ரொம்ப வருத்தப்படுறா” என்று சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அம்மாவுக்கு எதிரி மருமகளாகிவிடுவாள், “ஒனக்கு ஏத்திவிட்டுட்டாளா?” என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுவார். இரண்டாவது, சீரை நிறுத்துவேன் என்று மிரட்டவில்லை. அக்கா பிள்ளைக்குச் செய்யவேண்டியதைப் பணயமாக வைத்தால் அக்காவும் எதிரே போய் நின்றுகொள்வார். கேட்டது தனக்காக, தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெயர். அவ்வளவுதான்.

அம்மா உடனே சம்மதிக்கமாட்டார். அப்பாவிடம் சொல்கிறேன் என்பார். அப்பா இரண்டு நாள் பேசமாட்டார். மூன்றாம் நாள் அச்சகத்திலிருந்து பெயருக்கு எழுத்துக் கேட்டு போன் வந்தாலும் வரும். வராவிட்டால் சொன்னபடி நடந்துகொள்ள வேண்டும். அடுத்த பகுதி அதைப் பற்றித்தான்.

போவதா, நிற்பதா

“நீ மட்டும் வந்துட்டுப் போ” என்று கணவரை அழைப்பார்கள். போகலாமா?

என் கணக்கு இது. முதல் தடவை, நீங்கள் இருவரும் பேசி ஒத்துக்கொண்டு, அவர் மட்டும் போய்விட்டு வரலாம். ஆனால் போகும்போதே, “இதுதான் நான் தனியா வர்ற கடைசி விசேஷம்” என்று சொல்லிவிட்டு வரவேண்டும். இரண்டாம் தடவையும் தனியாகப் போனால் அது வழக்கமாகிவிடும். வழக்கமானதை மாற்றுவது நம் ஊரில் எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். பத்து வருஷம் கழித்து, “அவங்க எப்பவுமே வரமாட்டாங்க” என்று நீங்களே ஒதுங்கிக்கொண்ட மாதிரிக் கதை மாறியிருக்கும்.

சாவு வேறு. நல்லதுக்குக் கூப்பிட்டால்தான் போகவேண்டும், கெட்டதுக்குக் கூப்பிடாமலே போகவேண்டும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த நியாயம். இந்த நியாயம் ஒதுக்கப்பட்டவருக்குத் திறந்திருக்கும் ஒரு கதவு. கேதத்துக்கு வந்தவரை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்கமுடியாது. மாலை வாங்கிக்கொண்டு இருவரும் சேர்ந்து போங்கள். பெண்கள் கூட்டத்தில் போய் உட்காருங்கள். அழுகை வந்தால் அழுங்கள், வராவிட்டால் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கும் போங்கள். ஐந்து கல்யாணத்தில் கிடைக்காத இடம் ஒரு சாவில் கிடைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சாவை உபயோகித்துக்கொள்வதாக இது தோன்றலாம். தோன்றட்டும். துக்கத்தில் நிற்பதும் உறவின் வேலைதானே.

ஆனால் ஓர் எச்சரிக்கை. சாதி மாறிய கல்யாணம், அடிப்போம் வெட்டுவோம் என்று எப்போதாவது யாராவது சொல்லியிருக்கிறார்கள் என்றால் இந்த அத்தியாயத்தின் யோசனைகள் எதுவும் உங்களுக்குப் பொருந்தாது. திடீரென்று ஒரு நாள் “பழசையெல்லாம் மறந்துரலாம், கோயிலுக்கு வாங்க” என்று வரும் அழைப்பை நம்பித் தனியாகப் போகாதீர்கள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதை யாரும் மறந்திருக்கமாட்டோம். 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட தம்பதிகளுக்காக மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் கொண்ட சிறப்புப் பிரிவு அமைக்கச் சொன்னது. எழுத்தில் ஒரு மனு கொடுத்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்குள்ளே

போவதென்று முடிவானால் கடைசியாகப் போகாதீர்கள். தாமதமாகப் போகிறவர் விருந்தாளி, முன்கூட்டிப் போகிறவர் வீட்டு ஆள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலமே போய், காய் நறுக்குகிற இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள்.

வேலை செய்யலாமா என்று கேட்பார்கள். செய்யலாம், ஆனால் எந்த வேலை என்று பாருங்கள். பை பிடிப்பது, செருப்புக்குக் காவல், தூங்குகிற பிள்ளையை மாடி அறையில் பார்த்துக்கொள்வது என்று சடங்கு நேரத்தில் ஆளை மறைக்கிற வேலைகள் உண்டு. வாசலில் சந்தனமும் கல்கண்டும் கொடுப்பது, சீர்த்தட்டு அடுக்குவது, பந்தி விசாரிப்பது என்று ஆளைக் காட்டுகிற வேலைகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டோர் ரூம் சாவி. அது யார் இடுப்பில் தொங்குகிறதோ அவரைக் கேட்காமல் ஒரு தேங்காய் வெளியே வராது. சாவி முதல் வருஷமே கிடைக்காது. சந்தனக் கிண்ணம் கிடைக்கும், அதிலிருந்து தொடங்குங்கள்.

பையைக் கொண்டுவந்து நீட்டினால்? எனக்கு அன்றைக்குத் தெரியாத பதிலை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். சிரித்துக்கொண்டே, உரக்க, “ஏங்க, அத்தை நகைப் பையக் குடுத்திருக்காங்க, மாமாகிட்டக் குடுத்துட்டு வாங்க, நான் தட்டு எடுக்கணும்.” பை கணவர் கைக்குப் போய்விடும். கோபம் இல்லை, மறுப்பும் இல்லை. தட்டு எடுக்க வேண்டியவர் யார் என்பதும் நாலு பேர் காதில் விழுந்துவிட்டது.

பந்தியில் இருவரும் சேர்ந்தே உட்காருங்கள். போட்டோ நேரத்துக்குக் கணவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் மேடை ஏற வேண்டும். மாமியாரின் தங்கை, கல்யாணமாகாத கொழுந்தன், வாயுள்ள பெரியம்மா என்று யாராவது ஒருவரை முன்கூட்டியே உங்கள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். “எங்க, மருமகளைக் காணோம்? கூப்பிடுங்க” என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் போதும். அந்தக் குரலை நீங்களே கொடுக்க முடியாது.

வளைகாப்பு தனி விஷயம். பிள்ளை இல்லாத பெண்ணை அழைப்பார்கள், ஆனால் வளையல் போட அழைக்கமாட்டார்கள். வரிசையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்து அவளைத் தாண்டிவிடுவார்கள். அவளோ எல்லோரும் பார்க்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நல்லதே எண்ணி அழைத்தவர்கள்கூட இந்த இடத்தில் கல்லாகிவிடுகிறார்கள். மாற்றக்கூடியவர் ஒரே ஒருவர்தான்: மணையில் உட்கார்ந்திருக்கும் கர்ப்பிணி. “அண்ணி, நீங்க வந்து போடுங்க” என்று அவள் கையை நீட்டினால் தடுக்க யாருக்கும் தைரியம் வராது. அதனால் முந்தின நாளே அவளிடம் பேசிவையுங்கள். அவள் தயங்கினால் அந்த விசேஷத்துக்குப் போகாதீர்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்து யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

மொய் நோட்டு

ஒரு குடும்பத்தில் யார் இருக்கிறார்கள் என்பதற்கு ரேஷன் கார்டைவிட உறுதியான சாட்சி மொய் நோட்டு. மதுரை, தேனிப் பக்கம் அதை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி ஆவணியில் மொய் வாங்குவதற்கென்றே விருந்து போடுகிறார்கள். எழுதியது கடன், திருப்பிச் செய்தாக வேண்டும். மறந்துபோக முடியாத கணக்கு அது.

அதனால் மொய் எழுதும் மேஜைக்கு இருவரும் சேர்ந்து போங்கள். ஆயிரத்தொன்றோ ஐந்நூற்றொன்றோ, இருவர் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுதுகிறவர் பழக்கதோஷத்தில் ஆண் பெயரை மட்டும் எழுதிவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார். “அண்ணே, பக்கத்துல அவ பேரையும் போடுங்க” என்று கணவர் சொல்லவேண்டும். சில ஊர்களில் மைக்கில் வாசிப்பார்கள், இரண்டு பெயரும் மண்டபத்தில் ஒலிக்கும். ஐந்து வருஷம் கழித்து உங்கள் வீட்டு விசேஷம் வரும்போது, யார் யாருக்குச் செய்யவேண்டும் என்று அந்த வீட்டில் நோட்டைப் புரட்டுவார்கள். உங்கள் பெயர் அங்கே காத்துக்கொண்டிருக்கும்.

பெயர் போடமாட்டோம், பணம் மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு என்ன செய்வது? கல்யாணச் செலவுக்கு இரண்டு லட்சம் அனுப்பிய மகனின் மனைவிக்குப் பத்திரிகையில் இடமில்லை என்கிற வீடுகளை எனக்குத் தெரியும். வயதான பெற்றோரின் மருந்துச் செலவு, சாப்பாட்டுச் செலவு ஆகியவற்றில் கைவைக்காதீர்கள். ஆடம்பரச் செலவுக்கு, “எங்க ரெண்டு பேர் பேர்லயும் செய்யறதா இருந்தா செய்யறேன்” என்று சொல்வதில் தவறொன்றும் இல்லை.

பேரன் மட்டும் வேண்டும் என்றால்

பிள்ளை பிறந்ததும் சில வீடுகளில் ஒரு விசித்திரம் நடக்கும். பேரன் வேண்டும், அவனைப் பெற்றவள் வேண்டாம். “பிள்ளைய மட்டும் அனுப்பிவை, ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்புறோம்.” சாதாரண நாளில் தாத்தா பாட்டியோடு போய் இருக்கட்டும், அந்தப் பாசத்தை வெட்டக்கூடாது. விசேஷத்துக்கு மட்டும் அம்மா இல்லாமல் அனுப்பாதீர்கள். தாய் வராத இடத்தில் தான் மாலை போட்டுக்கொண்டு நின்றதைப் பிள்ளை ஆறு வயதிலேயே புரிந்துகொள்ளும்.

உங்கள் பிள்ளைக்குக் காதுகுத்து வரும்போது இன்னொரு சிக்கல். மடி யாருடையது? முறைப்படி அது பிள்ளையின் தாயோடு பிறந்தவனுடைய மடி. பெண்ணின் வீட்டாரை ஒதுக்க நினைக்கும் குடும்பம், “ஒண்ணுவிட்ட மாமன் முறைல ஒருத்தர் இருக்காரு, அவர் மடியில உக்கார வச்சுக்கலாம்” என்று ஆரம்பிக்கும். இங்கே ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்க வேண்டாம். தாய்க்குத் தம்பி உயிரோடு இருக்கும்போது இன்னொருவர் மடி எப்படி மாமன் மடியாகும் என்று கணவர் கேட்கட்டும். முறைக்காகவே வாழ்கிற பெரியவர்களிடம் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அவர்கள் முறைப்படியே நீங்கள் ஜெயிக்கிற இடம் இது.

மாப்பிள்ளைகளுக்கு

ஆண்களுக்கும் இது நடக்கிறது. தலை தீபாவளிக்குப் பெண்ணை மட்டும் அழைத்துவிட்டு மாப்பிள்ளையை விட்டுவிடுவார்கள். மச்சினன் கல்யாணத்தில் மாலை அணிவிக்கும் மாப்பிள்ளை வேறொருவராக இருப்பார். ஆண்கள் இதற்காக அழுவதில்லை, “எனக்கென்ன போச்சு” என்று ஊரைவிட்டே விலகிவிடுவார்கள். அதன்பின் மனைவி பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவில் தனியாக அல்லாடுவாள். மேலே சொன்னதெல்லாம் மாப்பிள்ளைக்கும் பொருந்தும், பேசவேண்டியது மகள் என்பதைத் தவிர. அப்பாவிடம் நேராகப் பேச முடியாத மகள் அண்ணன் வழியாகப் பேசட்டும். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே ஸ்கூட்டரில் ஒரு தடவை பந்தல்காரரைப் பார்க்கப் போய்வந்தால் பாதி இறுக்கம் தளர்ந்துவிடும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேர்க்கவில்லை என்ற வருத்தத்துடன் நிறையப் பேர் வருகிறார்கள். இருக்கிற சண்டைகளிலேயே இதற்குத்தான் மதிப்பு குறைவு. தினமும் காலையில் வரும் பூப்படங்களைத் தவிர நீங்கள் இழப்பது எதுவுமில்லை. விசேஷச் சேதி அதில் மட்டும்தான் வருகிறது என்றால் கணவரோ மனைவியோ உங்களைச் சேர்க்கச் சொல்லட்டும். மற்றபடி விட்டுவிடுங்கள்.

சட்டம் எதுவரை வரும்

விசேஷத்துக்குக் கூப்பிடச் சொல்லி எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. ஆனால் ஒதுக்கலோடு சேர்த்துச் சொல்லப்படும் மிரட்டல்கள் சிலவற்றைச் சட்டம் தெரிந்தால் சிரித்துக்கொண்டே கேட்கலாம். “சாதி விட்டுக் கட்டுனவனுக்குச் சொத்துல பங்கு கெடையாது” என்பார்கள். 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தால் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்ததாக ஆகிவிடும் என்ற விதி உண்டு. ஆனால் இருவரும் இந்து, பௌத்த, சீக்கிய, சமண மதத்தவராக இருந்தால் அது பொருந்தாது என்று 1976இல் திருத்திவிட்டார்கள். அப்பா தானே சம்பாதித்த சொத்தை உயிலெழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அது வேறு.

தொடர்ந்து திட்டுவது, இழிவுபடுத்துவது, குறிப்பாகப் பிள்ளை இல்லை, ஆண் பிள்ளை இல்லை என்று குத்திக்காட்டுவது எல்லாம் 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் மனரீதியான வன்முறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. 181 என்ற எண்ணில் பெண்கள் பேசலாம். நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

இன்னொரு நிலை உண்டு. தலைக்கட்டு வரியை வாங்க மறுப்பது, கோயிலுக்குள் விடாதது, ஊரே பேசக்கூடாது என்று கட்டுப்பாடு போடுவது. இது மாமியார் மருமகள் சங்கதி இல்லை. ஒதுக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்தால் சமூகப் புறக்கணிப்பு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அதைச் சேர்த்தார்கள். அங்கே சந்தனக் கிண்ணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம், வக்கீலைப் பாருங்கள்.

உங்கள் வீட்டு விசேஷம்

எல்லாம் செய்தும் அசையவில்லையா? அவர்கள் விசேஷத்தைக் கொஞ்ச காலம் விட்டுவிட்டு உங்கள் வீட்டில் ஒன்று வையுங்கள். வாடகை வீட்டில் பால் காய்ச்சுவதாக இருந்தாலும் பத்திரிகை அடியுங்கள். அதில் இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் பெயரும் வரட்டும், அவர்கள் உங்களை விட்ட மாதிரி நீங்கள் யாரையும் விடாதீர்கள். போனில் சொல்லாமல், இருவரும் நேரில் போய், தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து அழையுங்கள். ஒதுக்கியவரையும் அழையுங்கள். கதவைத் திறக்காவிட்டால் பத்திரிகையைத் திண்ணையில் வைத்துவிட்டு வாருங்கள்.

எங்கள் வீட்டுப் பால் காய்ச்சுக்கு மாமனார் வந்தார். நான் எதிர்பார்க்கவில்லை. உள்ளே வரவில்லை, வாசலில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கை நனைக்கவில்லை. கணவர் மூன்றுமுறை சொன்ன பிறகு காபி மட்டும், அதுவும் பாதி டம்ளர். நூற்றொரு ரூபாய் மொய் எழுதிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அடுத்த வருஷம் என் பையனுக்குக் காதுகுத்து. என் தம்பி மடியில் வைத்துத்தான் குத்தினோம். மாமனார் இரண்டாம் பந்தியில் நடு இலையில் உட்கார்ந்தார். பாயசம் வந்ததும் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைத் தேடிக் கூப்பிட்டார்.

“ஏம்மா, சமையக்காரனுக்குச் சக்கரை எடுத்துக் குடுத்தது யாரு? இனிப்பே இல்லையே.”

ஸ்டோர் ரூம் சாவி என் இடுப்பில் இருந்தது. போய் எடுத்துக் கொடுத்தேன்.